வாலைப் பார்த்தால் போதும்

எத்தாளையில் பஸ் ஏறி உட்கார்ந்ததும் முன்சீட்டுப் பெண்ணின் குரல் காதில் விழுந்தது.

"பேர் தெரியாட்டியும் பயமில்ல உம்மா. வாலப் பாத்தாப் போதும்."

என் காலடியில் கருவாட்டுப் பை. மீன் கதை என்றே நினைத்தேன்.

"எதுட வால் மகள்?" தாய் இருமிக்கொண்டே கேட்டார்.

"மருந்துப் பேருட வால். வெளிநாட்டுல டாக்டருக்குப் படிச்சாக்களுக்கு இங்க வைக்கிற பரீட்சையில, கேள்விப்படாத மருந்தெல்லாம் வரும். 'லோல்' எண்டு முடிஞ்சா ஒரு குடும்பம், 'பிரில்' எண்டு முடிஞ்சா வேற குடும்பம்."

"லோல், பிரில்... எனக்கு ஒண்டும் விளங்கல்ல. கிளினிக்கில எனக்குத் தாற பிரஷர் குளிசையும் பிரில் எண்டுதானே முடியுது?"

"ஓம், அதே குடும்பம்தான்." அவள் மடியில் விரித்திருந்த புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. "பிரில் குடும்பத்துக்கு ஒரு கெட்ட குணம் இருக்கு. சிலருக்கு வறட்டு இருமல் வரும். எவ்வளவு பாணி மருந்து குடிச்சாலும் போகாது."

தாய் மறுபடியும் இருமினார். புத்தகம் மெல்ல மூடியது.

"உம்மா, உங்களுக்கு இந்த இருமல் எப்ப துவங்கின?"

"அத விடு புள்ள. நீ பரீட்சைக்கு வாரதப் படி."