மாமா என்று சொன்னாள்

ஓடுகிறேன். கனி என் இடுப்பில். செருப்பு எங்கேயோ கழன்றுவிட்டது. பின்னால் பைக் சத்தம். ஹாரனை விடாமல் அழுத்திக்கொண்டே வருகிறார்கள்.

"அதோ போறா பாரு! கூட்டாளிடா அவ! புடிங்கடா!"

கரும்புக்கொல்லைக்குள் நுழைகிறேன். சோகை இலை முகத்தைக் கிழிக்கிறது. கனியின் வாயைப் பொத்துகிறேன். மூன்று வயதுப் பிள்ளை. என் உள்ளங்கையில் அவள் மூச்சு சூடாக முட்டுகிறது. ஊருக்குள் மாரியம்மன் கோயில் மணி அடிக்கிறது. பூசை மணி இல்லை. ஆள் சேர்க்கிற மணி. நிறுத்தாமல் அடிக்கிறார்கள்.

அந்த மணிக்குக் கீழேதான் என் வீட்டுக்காரர் இருக்கிறார்.

ஆடி மாதம். செவ்வாய்க்கிழமை. உச்சி வெயில். சேத்தியாத்தோப்பைத் தாண்டி, வெள்ளாற்றங்கரையில் ஒரு சின்ன டவுன். பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால், நம் ஊர் இல்லை என்று நிம்மதியாகப் படிப்பீர்கள்.

நாங்கள் சிதம்பரத்துப் பக்கம். முடி வியாபாரம். தலைவாரும்போது உதிர்கிற முடியைப் பெண்கள் சுருட்டிச் சேர்த்து வைப்பார்களே, அதை வாங்கிக்கொண்டு பிளாஸ்டிக் குடமோ டப்பாவோ கொடுப்போம். அவர் பெயர் ராசு. மொபெட்டில் ஒரு பக்கம் குடங்கள், ஒரு பக்கம் முடி மூட்டை. பின்னால் நான். அன்றைக்கு முன்னால் கனியும். ஊருக்குள் வந்ததும் நான் மட்டும் அடுத்த தெருவுக்குப் போனேன். என்னைக் காணாமல் கனி அழுதாள். அவர் தூக்கி வைத்துச் சமாதானம் செய்தார். அவ்வளவுதான் அவர் செய்த குற்றம்.

அந்த வாரம் எல்லார் போனிலும் ஒரு வாய்ஸ் மெசேஜ். பிள்ளை பிடிக்கிறவர்கள் நம் மாவட்டத்துக்குள் வந்துவிட்டார்களாம். எங்களுக்கும் வந்தது. நாங்களும் பயந்தோம். எப்போதும் என் அப்பாவிடம் விட்டுவிட்டுப் போகிற பிள்ளையைக் கூடவே கூட்டிக்கொண்டு போனது அதனால்தான்.

மற்றதை நான் வீடியோவில் பார்த்தேன். அவர்களே எடுத்தது. கோயில் வாசல். அவரைச் சுற்றிக் கூட்டம். கனியை ஒருவன் வாங்கி வைத்திருக்கிறான். நல்ல பிள்ளைபோலக் குனிந்து கேட்கிறான்.

"பாப்பா, யாரு இவுரு?"

"மாமா."

"ஒங்கப்பா இல்லியா?"

தலையை ஆட்டுகிறாள். இல்லையாம்.

"அப்ப ஒங்கப்பா எங்க?"

"ஊட்ல."

நான் அவரை மாமா என்றுதான் கூப்பிடுவேன். அதைக் கேட்டு அவளுக்கும் அவர் மாமா. என் அப்பாவை நான் அப்பா என்பேன். அதனால் அவளுக்கும் அவர்தான் அப்பா. வீட்டில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம். "பள்ளிக்கூடம் போனா தானா மாறிடும், வுடு செல்வி" என்பார்.

வீடியோவில் அவர் கத்துகிறார். "எம் பொண்ணுங்க அது! எம் பொண்ணுங்க!" யாரோ மூட்டையை அறுக்கிறார்கள். முடி கொட்டுகிறது. நீள நீளமாக. "டேய், பொம்பளைங்க முடிடா!" அவர்கள் வீட்டுப் பெண்கள் காலையில் கொடுத்த முடி. முதல் அடி விழுகிறது. ஈரத்துணியைக் கல்லில் அடிக்கிற சத்தம்.

கூட்டத்துக்குள் ஒரு பெண்ணின் குரல். "டேய், எம் புள்ளகூட அவங்கப்பன மாமான்னுதான்டா கூப்புடுது! வுடுங்கடா!" படத்தில் அவள் முகம் இல்லை. ஆனால் எனக்கு அவளைத் தெரியும். சத்தம் கேட்டு நான் ஓடி வந்தபோது, கனியைப் பிடுங்கி என் கையில் திணித்தவள் அவள்தான். அவரும் என்னைப் பார்த்துவிட்டார்.

"செல்வி, புள்ளையத் தூக்கிக்கினு ஓடு!"

ஓடினேன்.

கரும்புக்குள் உட்கார்ந்திருக்கிறேன். பைக்குகள் திரும்பிப் போகின்றன. காற்றில் முடி கருகுகிற நாற்றம் வருகிறது. மணி நிற்கிறது. ஒரு சத்தமும் இல்லை. கனி என் விரலைக் கடித்துக்கொண்டு கேட்கிறாள், மாமா எங்கே என்று. வெகுநேரம் கழித்துப் போலீஸ் ஜீப் வந்தது. சிதம்பரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியில் உயிர் போனது என்றார்கள். எனக்கு மணி நின்றபோதே போய்விட்டது.

கேஸ் கடலூரில் நடந்தது. அந்தப் பெண்ணைச் சாட்சிக்குக் கூப்பிட்டார்கள். வீடியோவைப் போட்டார்கள். அவள் குரல் கோர்ட் முழுக்கக் கேட்டது.

"இது உங்க குரல்தானம்மா?"

தலையைக் குனிந்துகொண்டாள். "இல்லீங்க."

அடித்தவர்கள் எதிரே நின்றார்கள். எல்லாரும் ஒரே தெரு. அவள் அங்கேதான் பிள்ளையை வளர்க்க வேண்டும். எனக்குப் புரிகிறது. புரிந்தும் வயிறு எரிகிறது. ஜாமீனில் வந்தவர்கள் அடுத்த ஆடித் திருவிழா பேனரில் கைகூப்பிச் சிரித்தார்கள்.

அன்றைக்கு என்னை விட்டுப் போனவற்றைச் சொல்கிறேன். என் மாமா ராசு. அவர் மேல் தப்பு இல்லை என்று அங்கேயே சொன்ன ஒரே குரல். கொளுத்திப்போட்ட வண்டி, மூட்டை. தொழில். எந்தத் தெருவுக்குள்ளும் போய்க் குரல் கொடுக்க எனக்கு நாக்கு எழவில்லை. மாமா என்கிற சொல்லும் போய்விட்டது. என் தம்பி, கனிக்குச் சொந்தத் தாய்மாமன். அவனை அவள் எதுவும் சொல்லிக் கூப்பிடுவதில்லை.

கனி இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். அவர் சொன்ன மாதிரியே தானாக மாறிவிட்டது. சுவரில் மாலை போட்ட படத்தைக் காட்டி, யார் இது என்று கேட்டால் உடனே சொல்கிறாள்.

"அப்பா."