பிசிக்ஸ் நோட்டுக்குள் ஒரு பிளாப்பி

கம்ப்யூட்டரில் எந்தப் பட்டியலில் கை வைத்தாலும் முதலில் அதற்கு ஒரு நகல் எடுத்துவிட வேண்டும். வடலூர் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் டிபேஸ் என்ற பட்டியல் புரோகிராமைச் சொல்லிக்கொடுத்த சார் முதல் நாளே சொன்னது அது. நான் எடுத்திருந்தேன். மற்றதைக் கேட்கும்போது இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

போன வருடம், எண்பத்தெட்டில், கம்பெனி டவுன்ஷிப்பில் எங்கள் பிளாக் மன்றத்துக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்தது. ரத்தம் கொடுக்கும் நானூறு பேரின் விவரத்தை அதில் ஏற்றும் வேலையைச் செயலாளர் குழந்தைவேல் மாமா எனக்குக் கொடுத்தார். நன்றாகச் செய்தால் ஆபீசில் ஒரு கான்ட்ராக்ட் வேலைக்கு என் பெயரைச் சொல்வதாகவும் சொன்னார். அப்போதுதான் பிளஸ் டூ முடித்திருந்தேன்.

பட்டியல் ஒழுங்காகத்தான் ஓடியது. பிறகு மாமா, இரண்டு வருடத்துக்கு முன் நடந்த ஒரு முகாமின் லிஸ்டைக் கொண்டுவந்தார். "இது ஊசி குத்திப் பாத்த லிஸ்டு அம்சா. நம்மகிட்ட இருக்கறது அவங்கவங்க வாயால சொன்னது. இதையே போட்டுரு" என்றார்.

அதில் பெயர் இல்லை. குவார்ட்டர்ஸ் நம்பரும் ரத்தப் பிரிவும்தான். இங்கே யாரும் பெயரைக் கேட்பதில்லை. எந்த பிளாக், எத்தனாம் நம்பர் என்றுதான் கேட்பார்கள். நானும் நம்பரை வைத்தே இரண்டையும் பொருத்தினேன். முதல் பத்துப் பேரைச் சோதித்தேன். சரியாக இருந்தது. அந்தப் பத்துப் பேரும் வீடு மாறாதவர்கள்.

ஒரு வாரம் கழித்து அப்பாவின் பெயர் கண்ணில் பட்டது. கருப்பசாமி, ஓ நெகட்டிவ். அப்பா பி பாசிட்டிவ். அந்த முகாமுக்குப் பிறகுதான், அம்மாவால் மாடி ஏற முடியவில்லை என்று பழனிவேல் மாமாவோடு மியூச்சுவல் போட்டு, அவர் குவார்ட்டர்ஸுக்கு நாங்களும் எங்களுடையதற்கு அவரும் மாறியிருந்தோம். வீட்டோடு சேர்ந்து ரத்தமும் மாறிவிட்டது. தேடிப் பார்த்தேன். இப்படி முப்பத்திரண்டு பேர்.

உடனே சொல்லியிருக்கலாம். ஆனால் பிரிண்டை ஆஸ்பத்திரிச் சுவரில் ஒட்டியாகிவிட்டது. மன்றக் கூட்டத்தில் எனக்குக் கைதட்டியும் ஆகிவிட்டது.

மார்கழியில் ஒரு சாயங்காலம் சிங்காரவேலு அண்ணன் சைக்கிளில் வந்தார். அவர் மனைவி அமிர்தம் அக்காவுக்குப் பிரசவமாகி, உதிரம் நிற்கவில்லை.

"பாப்பா, அப்பா வூட்ல இருக்காருங்களா? ஓ நெகட்டிவ்னு லிஸ்ட்ல அவரு ஒருத்தருதான் இருக்காரு."

பழனிவேல் மாமா நான்கு தெரு தள்ளி இருந்தார். அன்று அவருக்கு லீவு. அது எனக்குத் தெரியும்.

அப்பா சட்டையை மாட்டிக்கொண்டே கேட்டார். "என் குரூப்பு அதானாம்மா? மறந்தே போச்சு."

"லிஸ்ட்ல அப்படித்தாம்ப்பா இருக்கு."

அது பொய் இல்லை. ஆஸ்பத்திரியில் சோதிக்காமல் ஏற்றமாட்டார்கள் என்றும் யோசித்துக்கொண்டேன். அதுவும் சரியாகவே இருந்தது. சோதித்தார்கள், ஏற்றவில்லை. கடலூருக்கு ஆள் அனுப்பினார்கள். அவர் திரும்புவதற்குள் அக்கா போய்விட்டார். குழந்தை இருக்கிறது.

"நாந்தான் என்னைக்கோ மாத்திச் சொல்லித் தொலைச்சிருக்கேன்" என்று அப்பா அம்மாவிடம் சொன்னார். சிங்காரவேலு அண்ணன் இருக்கும் தெருவழியாக இப்போது அவர் போவதில்லை. சாப்பாட்டில் பாதி தட்டிலேயே கிடக்கிறது. தட்டை நான்தான் கழுவி வைக்கிறேன்.

எனக்குப் பயமாக இருக்கிறது. வாசலில் சைக்கிளுக்கு ஸ்டாண்டு போடும் சத்தம் கேட்டால் உள் அறைக்குப் போய்விடுகிறேன். அப்பா நைட் ஷிப்டுக்குப் போனால் எனக்குத் தூக்கமே இல்லை.

அப்பாவையும் பழனிவேல் மாமாவையும் மட்டும் மறுநாளே திருத்திவிட்டேன். மிச்சம் முப்பது. முகாம் லிஸ்டை ஏற்றுமுன் எடுத்த அந்தப் பழைய நகலைப் போட்டால் மூன்று நிமிடத்தில் எல்லாம் சரியாகிவிடும். ஆனால் ஒரேயடியாக மாற்றினால் சுவரில் இருப்பதோடு யாராவது ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். அதனால் மாதம் ஒருவர் என்று திருத்துகிறேன். இரண்டரை வருடத்தில் முடிந்துவிடும். அதுவரை அந்த முப்பது பேரைத் தேடி யாரும் வராமல் இருந்தால் போதும்.

அந்த நகல் இருக்கும் பிளாப்பி என் பிசிக்ஸ் ரெக்கார்டு நோட்டுக்குள் பத்திரமாக இருக்கிறது. அட்டை போட்டு, மடங்காமல் வைத்திருக்கிறேன். இவ்வளவு கவனமாக நகல் எடுத்து வைத்திருப்பவளைப் பொறுப்பில்லாதவள் என்று யாரும் சொல்லிவிட முடியாது, இல்லையா.