இருபத்து நான்காவது படம்

அன்புள்ள மவுரீனுக்கு, அத்தான் ராஃபேல் எழுதுவது.

கல்லறைச் சிலுவையில் பதிக்க உன் அக்கா யூஜினியாவின் படம் ஒன்று கேட்டிருந்தாய். என்னிடம் இல்லை. கல்யாண ஆல்பம் வெள்ளத்தில் போனது உனக்கே தெரியும். மற்றவை ஏன் இல்லை என்று சொல்கிறேன்.

அவள் ஓவியங்களைப் படமெடுத்து கோலாலம்பூர் ஓவியப் பள்ளிக்கு அனுப்பச் சொல்லி, எண்பத்து நான்கில் உன் கேமராவைக் கொடுத்துவிட்டுப் போனாய். ஸ்டூடியோவுக்குக் கொடுக்க எங்களுக்குக் கட்டாது. அவளே வழி கண்டுபிடித்தாள். வெயில் நேராக விழாத எங்கள் லயத்து வீட்டு வாசலில் ஓவியப் பலகையை நாற்காலியில் நிமிர்த்திக் கட்டினாள். எதிரே கொடியில் வெள்ளைப் போர்வையை விரித்து, அதன் வெளிச்சம் ஓவியத்தில் படும்படி செய்தாள். கேமராவை பிஸ்கட் டின் மேல் வைத்து, நூல் பிடித்து உயரம் பார்த்தாள்.

ஃபிலிமைக் கழற்ற அவளுக்குப் பயம். எங்கள் தோட்டத்தில் எல்லோரும் செய்வதுபோல, கோலா சிலாங்கூர் கடையில் கழற்றச் சொல்லி கேமராவோடு என்னிடம் கொடுத்தனுப்பினாள். பத்தாங் பெர்ஜுந்தாயில் பஸ்ஸுக்கு நின்றபோது பின்மூடியைத் திறந்தேன். ஃபிலிமை முழம் முழமாக வெளியே இழுத்தேன். வெயில் நன்றாக இருந்தது. மறுபடி சுருட்டி வைத்தேன்.

எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. படிப்பு இரண்டு வருடம்தான் என்று நீ சொல்லியிருந்தாய். வேலை முடிந்து, ஆளில்லாத வீட்டுக்குத் திரும்பும் இரண்டு வருடத்தை நினைத்துப் பார்த்தேன். அவ்வளவுதான்.

கடையிலிருந்து சுருள் முழுக்கக் கருப்பாகத் திரும்பி வந்தது. "கேமராவுல எங்கயோ வெளிச்சம் ஒழுகுதுங்க," என்றாள். மூடியின் விளிம்பு முழுக்கக் கருப்பு டேப் ஒட்டி, அடுத்த ரோலை எடுத்தாள். இருபத்து நான்கில் கடைசிப் படம் ஒன்று மிஞ்சியது.

"என்னை ஒண்ணு எடுங்க லா. வேலை வாங்குற மண்டோர் மாதிரி மொறைக்காம எடுங்க."

அவள் சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுத்தினேன்.

பஸ் நிறுத்தத்தில் டேப்பை உரித்தேன். பிறகு அதே கோட்டில் ஒட்டினேன்.

கடைக்காரர் கொடுத்த கருப்புச் சுருளை அவள் ஜன்னலில் பிடித்து வெகுநேரம் பார்த்தாள். "கேமரா நல்லாத்தான் இருக்கு. என் கைதான் வெளங்காத கை." பள்ளிக்கு அனுப்ப வேண்டிய தேதி போயிற்று. ஓவியப் பலகைகளைக் கோழிக்கூட்டுக்கு அடிக்கக் கொடுத்தாள். ஆணி அடித்தவன் நான். அப்போதும் சொல்லவில்லை. அவள் பேசுவது நின்றுபோனது. ஆனாலும் வேலை முடிந்து வரும்போது வீட்டில் விளக்கு எரிந்தது.

பழைய ஈயச் சுரங்கக் குட்டையில் கால் வழுக்கி விழுந்தாள் என்று போலீசிடமும் ஃபாதரிடமும் சொன்னேன். வழுக்கவில்லை. செருப்பைக் கரையில் ஜோடியாகக் கழற்றி வைத்திருந்தாள். யாரும் பார்க்குமுன் நான்தான் எடுத்து வந்தேன்.

அந்தச் சுருளின் கடைசிக் கட்டத்தை வெட்டி இத்துடன் வைத்திருக்கிறேன். பார்க்கக் கருப்பாகத்தான் இருக்கும். அதில் அவள் சிரிக்கிறாள். கல்லில் பதிக்க முடியுமா என்று விசாரித்து எழுது. அவளை என்னைப் போலப் பத்திரமாக வைத்திருக்க வேறு யாராலும் முடிந்திருக்காது.