காயாத கன்னம்

தர்மபுரி போகும் டவுன் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பேர். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒன்றாக உட்கார்ந்து படம் வரைகிறவர்கள் என்பது பேச்சிலேயே தெரிந்தது. இண்டூரில் ஏறியவர் மடியில் ஓர் அட்டைப்பெட்டி.

“மூணு மாசமாச்சுங்கண்ணா. என் வூட்டுக்காரி இன்னும் காயவே இல்லீங்க.”

நான் போனை உள்ளே வைத்தேன்.

“ஆயில் பெயிண்ட்ல வரைஞ்ச படம் மெதுவாத்தான் காயும். அடிப்பூச்சு காயறதுக்குள்ள அடுத்த பூச்சு போட்டுட்டீங்களா?”

“இல்லீங்க. நீங்கெல்லாம் சொன்ன மாதிரியே, ஒவ்வொரு பூச்சுக்கும் எண்ணெயக் கொஞ்சங்கொஞ்சமாக் கூட்டித்தான் போட்டேன்.”

“என்ன எண்ணெய்ங்க?”

“வெளக்கெண்ணெய்ங்க. எங்க காட்டு ஆமணக்குக் கொட்டமுத்து. அவ சாகறதுக்கு முன்னாடி அவ கையால காய்ச்சி வெச்சது.”

அண்ணா என்றழைக்கப்பட்டவர் அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

“அது எந்தக் காலத்துலயும் காயாதுங்க. லின்சீட் ஆயில், ஆளிவெதை எண்ணெய்தான் ஊத்தணும். எண்ணெய் எண்ணெய்னு சொன்னமே ஒழிய, என்ன எண்ணெய்னு ஒருத்தரும் சொல்லல பாருங்க. எங்க தப்புதான். சுரண்டிட்டு மொதல்ல இருந்து போடலாம். நானும் கூட ஒக்காந்துக்கறேன்.”

“சுரண்டறதா?”

பெட்டியின் மேல் இரண்டு கைகளும் வந்து அமர்ந்தன. ஒரு விரல் நுனியில் மாநிறத்தில் பெயிண்ட் ஒட்டியிருந்தது.

“வேண்டாங்கண்ணா. காஞ்சிருச்சான்னு தெனமும் காலைல அவ கன்னத்தத் தொட்டுப் பாக்கறேன். காஞ்சு போச்சுன்னா, அப்பறம் என்ன சாக்கு சொல்லிங்க தொடறது?”