நான்தான் கில்காமேஷ்

பின்னேரம் ஆறு மணி. சுவிசில எங்கடின் எண்ட மலைப்பக்கம் தை மாசத்து ஆறு மணியெண்டால் கும்மிருட்டு... காட்டுக்குள்ளால ஒரு பாதை, முழுக்கப் பனி. கோபிசன், உந்த ஃபோனை நிப்பாட்டு. இல்லாட்டி நான் சொல்லேல்லை.

ம், இப்ப சரி.

இது என்னோட வேலை செய்யிற சிவகலான்ர சித்தப்பா சண்முகலிங்கத்துக்கு நடந்தது. 2014ஆம் ஆண்டு. அங்க ஒரு ஹோட்டல் சமையலறையில வேலை. பெலசாலியெண்டால் அப்பிடியொரு பெலசாலி, மாமூட்டையை ஒரு கையால தூக்குவார். வாயும் பெரிசு. அவரோட எப்பவும் தம்பித்துரை. ரெண்டு பேரும் ஒண்டா வந்து, ஒரே அகதி முகாமில கிடந்து, ஒரு கோப்பையில சாப்பிட்டவை. கூடப் பிறக்கேல்லை, அவ்வளவுதான்.

ஹோட்டல் முதலாளி பழஞ்சாமான் சேர்க்கிற மனுசன். சண்முகலிங்கம் காட்டோரமா வீடு எடுத்தவுடனை ஒரு களிமண் முகம் குடுத்தார். குடல் சுருண்டு கிடக்கிற மாதிரி முகம், பல்லெல்லாம் வெளியில. ஈராக் பக்கத்துச் சாமானாம். கதையும் சொன்னவர். அந்தக் காலத்தில கில்காமேஷ் எண்டு ஒரு அரசன், மூண்டில ரெண்டு பங்கு கடவுள். அவன்ர கோடாலியை வேற ஒருத்தராலும் தூக்கேலாது. சிநேகிதனோட தேவதாருக் காட்டுக்குப் போய், காவல் நிண்ட பூதத்தை விழுத்தினவன். பூதம் அழுது, உயிரை மட்டும் விடு எண்டு கெஞ்சினது. கேக்கேல்லை, தலையை வெட்டிப்போட்டான். இது அந்தப் பூதத்தின்ர முகம். "ஆனா அதுக்காகச் செத்தது கில்காமேஷ் இல்லை, சிநேகிதன்" எண்டும் முதலாளி சொன்னவர். சண்முகலிங்கம் அதைக் காதில விழுத்தேல்லை. பெலத்தை மட்டும் பிடிச்சுக்கொண்டார்.

எங்கட ஆக்கள் என்ன செய்வினம்? பயங்கரமான முகத்தைக் கண்டால் கண்ணூறுக்கு நல்லதெண்டு வாசலில கொழுவுவினம். கொழுவினார். வெட்டுப்பட்ட தலையைக் கொண்டுவந்து வாசலில... விசர் வேலை.

அண்டைக்குப் பின்னேரம் ரெண்டு பேரும் விறகு ஏத்தின சறுக்கு வண்டியை இழுத்துக்கொண்டு வருகினம். திடீரெண்டு பிசின் மணம்... பச்சை மரம் இப்பதான் வெட்டின மாதிரி. பேந்து அழுகைச் சத்தம். பிள்ளையின்ர அழுகை இல்லை. பெரிய ஆம்பிளை ஒருத்தன் தொண்டை அடைச்சு, கெஞ்சிக் கெஞ்சி அழுறான்.

"வா மச்சான், ஓடுவம்" எண்டார் தம்பித்துரை.

இவர் நிண்டார். காட்டைப் பாத்துக் கத்தினார். "நான்தான் கில்காமேஷ். வாடா வெளியில."

பகிடிக்குத்தான்.

அழுகை டக்கெண்டு நிண்டுது... ஒரு சத்தமும் இல்லை. பேந்து தம்பித்துரை மெல்லமாக் கேட்டார், "மச்சான், ஏன் என்ர கையைப் பிடிக்கிறாய்?"

சண்முகலிங்கத்தின்ர ரெண்டு கையும் வண்டிக் கயித்தில.

ஆர் பிடிச்சதெண்டு என்னைக் கேக்காதை சாருஜா, பேசாமக் கேள். அடுத்த நாள் தம்பித்துரை படுத்தவர், எழும்பேல்லை. டொக்டர்மார் எல்லாச் சோதனையும் செய்தவை, ஒண்டும் இல்லையாம். உடம்பு மட்டும் வத்திக்கொண்டே போகுது. சண்முகலிங்கம் அந்த முகத்துக்கு முன்னால முழங்காலில நிண்டு அழுதார். "கத்தினது நான். என்னை எடு, அவனை விடு." மாசி முடிய முந்தி தம்பித்துரை போயிட்டார்.

எனக்குப் பூதத்தில கோவம் இல்லை. கெஞ்சக் கெஞ்ச வெட்டினவனை அது மறக்குமோ? நானெண்டாலும் மறக்கமாட்டன்.

சண்முகலிங்கம் முகத்தை அடிச்சு நொறுக்கி ஆத்தில போட்டார். ஒரு பிரயோசனமும் இல்லை. மனுசனுக்கு அதுக்குப் பிறகு ஒரு தடிமன் காய்ச்சல் கூட வந்ததில்லை. கார் ஒண்டு அடிச்சு எறிஞ்சது, தூசியைத் தட்டிப்போட்டு எழும்பினார். பூதம் அவரைச் சாகவும் விடுதில்லை. ஒவ்வொரு நாளும் இருட்டினவுடனை வாசல் கதவில நெத்தியை வைச்சு, "என்னையும் எடு" எண்டு கெஞ்சுவார்.

அவரின்ர மனுசி, சிவகலான்ர சித்தி, இப்ப அந்த வீட்டில இல்லை. ஏன் மனுசனைத் தனிய விட்டுட்டு வந்தனீங்கள் எண்டு சிவகலா கேட்டிருக்கிறாள். கடைசி நாள் அவர் கெஞ்சேக்க, கதவுக்கு அங்கால இருந்து பதில் வந்ததாம்... தம்பித்துரையின்ர குரலில.

"இன்னும் கெஞ்சு, மச்சான்."