ஞாயிற்றுக்கிழமை என்ன செய்வீர்கள்?

ஐப்பசி முதல் திங்கள், காலை. தாராபுரம் போகும் பேருந்தில் என் முன் இருக்கையில் ஐம்பதைக் கடந்த ஒரு தம்பதி. திருப்பூர் எல்லை தாண்டியதும் மனைவி சொன்னார்:

“நம்ம புள்ள, சும்மா இருப்பேன்னு சொன்ன பையனைத்தான் கட்டிக்குவாளாமுங்க.”

“சும்மா இருக்கறவனுக்கு எவன் பொண்ணு குடுப்பான்?”

“அவன் வேலைக்குப் போறவந்தானுங்க. பாக்க வந்த மூணு பேருகிட்டயும் அவ ஒரே கேள்விதான் கேட்டா, ஞாயித்துக்கிழமை என்ன பண்ணுவீங்கன்னு. ரெண்டு பேரு கம்பெனிக்குப் போவேன்னாங்க. இவன் ஒருத்தன்தான் ஊட்டுல சும்மா இருப்பேன்னான்.”

“அந்த ரெண்டு பேர்ல ஒருத்தன் சொந்தமா பனியன் கம்பெனி வெச்சிருக்கறான். அவனை வேண்டாங்கறாளே, கிறுக்கு! இவனைக் கட்டி என்ன சந்தோசத்தைக் கண்டுருவா?”

“இறங்குனதும் பையனோட அப்பாவுக்குப் பதில் சொல்லோணுங்க.”

“வேண்டாம்னு சொல்லீரு.”

மனைவி ஜன்னலைப் பார்த்தபடி கேட்டார்: “ஏனுங்க, நீங்க ஞாயித்துக்கிழமை என்ன பண்ணுவீங்க?”

அவர் யோசித்தார். “கம்பெனிக்குப் போயி மிசினுக்கெல்லாம் எண்ணெய் விடுவேன். திங்கக்கிழமை ஓட்டோணுமல்ல?”

“அதைப் பாத்துத்தான் அவ வளந்தா.”

அவிநாசிபாளையத்தில் இறங்க எழுந்தபோது அவர் தம் போனை மனைவியிடம் நீட்டினார்.

“சரின்னு சொல்லீரு. பேசி முடிக்க ஞாயித்துக்கிழமையே வரச் சொல்லு.”

“அன்னிக்கு நீங்க…”

“ஊட்டுலதான் இருப்பேன், போ.”