வலதுபக்கத் திரை

கம்ப்யூட்டருக்கு இரண்டாவது திரை ஒன்று வைத்துக்கொள்வது நல்லது என்றுதான் நான் எல்லோரிடமும் சொல்வேன், மேடம். ஒன்றில் வேலையைப் பார்க்கலாம், இன்னொன்றில் கவனிக்க வேண்டியதைக் கவனிக்கலாம். கழுத்துக்கும் நல்லது. ஒரே சங்கடம், இரண்டு திரைகளையும் சேர்த்து மேய்க்கிற கிராபிக்ஸ் கார்டுக்கு டிரைவர் என்று ஒரு சாப்ட்வேர் உண்டு. அது ஒழுங்காக இருக்கும்வரை அப்படி ஒன்று இருப்பதே யாருக்கும் தெரியாது. என்னைப் போல.

ஆரப்பாளையத்தில் அந்த ஆஸ்பத்திரி தொடங்கிய நாளிலிருந்து கம்ப்யூட்டர், பிரிண்டர், நெட் எல்லாம் என் பொறுப்பு. மாடிப்படிக்குக் கீழே எனக்கு ஓர் அறை. இரண்டாம் மாடியில் இதய நோயாளிகள் வார்டு. அங்கே நர்ஸ் மேசையில் ஒரு கம்ப்யூட்டர், இரண்டு திரைகள். இடதுபக்கத் திரையில் முதல் நான்கு படுக்கைகள், வலதுபக்கத்தில் அடுத்த நான்கு. யாருக்காவது இதயத் துடிப்பு தவறினால் அந்தக் கட்டம் சிவப்பாகும், சத்தம் போடும். வலதுபக்கப் படுக்கைகளுக்கான சத்தம் வலதுபக்கத் திரையின் ஸ்பீக்கரில்தான் வரும். படுக்கையருகே இருக்கும் கருவிகளும் கத்தும்தான். ஆனால் நோயாளிகள் தூங்க முடியவில்லை என்று அவற்றின் சத்தத்தைக் குறைத்து வைத்திருந்தார்கள். அது டாக்டர்களின் முடிவு. எனக்குத் தெரியும், அவ்வளவுதான்.

முதல்முறை வந்தது உண்மையான கோளாறு. கம்ப்யூட்டர் தானாகவே புது டிரைவரைப் போட்டுக்கொண்டது, வலதுபக்கத் திரை இருண்டது. எல்லோரும் ஓடிவந்தார்கள். கேபிளை ஆட்டினார்கள், திரையைத் தட்டினார்கள். நான் நிதானமாக அந்த டிரைவரைச் சுத்தமாகக் கழற்றி, பழையதைப் போட்டு, இனிமேல் தானாக மாறாதபடி தடுத்தும் வைத்தேன். திரை வந்ததும் நர்ஸ்கள் கைதட்டினார்கள். டாக்டர் சூரியபிரகாஷ் என் தோளில் கைபோட்டு, "ஆன்சன், நீங்க இல்லாட்டி நாங்கல்லாம் என்னங்க பண்ணுவோம்?" என்றார்.

அது நல்ல கேள்வி என்று எனக்குப் பட்டது.

அதன்பிறகு எல்லாம் சரியாக ஓடியது. சரியாக ஓடினால் யாரும் கூப்பிடமாட்டார்கள். லிப்டில் பார்த்தால் டாக்டர் செல்போனைப் பார்த்துக்கொண்டே நிற்பார். ஒருநாள் நான் போட்ட தடையை நானே எடுத்துவிட்டேன். அதில் தவறு சொல்ல முடியாது, அது கம்பெனி வைத்த அமைப்புதான். சில நாட்களில் திரை மறுபடி தூங்கியது, மறுபடி கூப்பிட்டார்கள். போனேன், சரிசெய்தேன். இப்படி அவ்வப்போது நடந்தது. யாருக்கும் எந்தப் பாதகமும் இல்லை. திரை இருண்டால் ஒரு நர்ஸ் படுக்கைகளுக்குப் பக்கத்தில் நிற்பார், நான் வந்துவிடுவேன். அவர்களுக்கும் அது ஒரு பயிற்சிதான்.

பிறகு சரண்யாதேவி வந்தாள். திருமங்கலத்துப் பெண், புதிய நர்ஸ், சுறுசுறுப்பு. ஒருநாள் திரை இருண்டது, என்னைக் கூப்பிட்டார்கள், நான் மாடியேறிப் போவதற்குள் திரை வந்திருந்தது. விண்டோஸ், கண்ட்ரோல், ஷிப்ட், பி என்று நான்கு பட்டன்களைச் சேர்த்து அமுக்கினால் டிரைவர் ஒருமுறை விழுந்து எழுந்திரிக்கும். எங்கோ படித்திருக்கிறாள்.

"அண்ணே, உங்களுக்கு எதுக்கு அலைச்சல்? இனி நாங்களே பாத்துக்கிருவோம்," என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். மற்ற நர்ஸ்களுக்கும் சொல்லிக்கொடுத்தாள். டாக்டர் அவளைப் பாராட்டினார்.

நான் வருத்தப்பட்டேன் என்று நினைக்காதீர்கள். ஒரு பொருளை அரைகுறையாகத் தெரிந்துகொண்டு கையாள்வது ஆபத்து. அதை அவள் உணர வேண்டும் என்று நினைத்தேன். அந்தக் கார்டுக்குப் பொருந்தாத டிரைவர் ஒன்றைத் தேடி எடுத்தேன். அது ஏறிவிட்டால் கார்டுக்கு இரண்டாவது திரை இருப்பதே தெரியாது. நான்கு பட்டன்களை அமுக்கினாலும் அதே தப்பான டிரைவர்தான் மறுபடி எழுந்து உட்காரும். அது மதியச் சாப்பாட்டு வேளையில் தானாக ஏறும்படி அமைத்தேன். நீங்கள் விசாரணைக்காகக் கோயம்புத்தூரிலிருந்து வரவழைத்த இன்ஜினீயர், கம்ப்யூட்டர் பதிவுகளில் என் பெயரில் கண்டுபிடித்தது இதைத்தான். நன்றாக வேலை தெரிந்தவர்.

அந்த வாரம் ஆறாவது படுக்கையில் கருத்தக்கண்ணன் என்பவர் இருந்தார். செக்கானூரணிப் பக்கம் விவசாயி. அவர் மனைவி சோலையம்மாள் வார்டுக் கண்ணாடிக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். ஒருமுறை நான் உள்ளே போகும்போது, "தம்பி, அந்த டிவில எங்க வீட்டுக்காரவுக எது?" என்று கேட்டார். கண்ணாடி வழியாகக் காட்டினேன். "அந்தா, மேல ஒரு பச்சைக்கோடு ஓடுதுல்ல, அதுதாம்மா அவரு." அதன்பிறகு அவர் அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டேதான் சாப்பிடுவார். வயதானவர்களுக்கு நான் எப்போதும் பொறுமையாகச் சொல்லிக்கொடுப்பேன்.

அன்றைக்கு மதியம் நான் வாசல் டீக்கடையில் இருந்தேன். சரண்யாதேவி போன் செய்தாள். கூட இருந்த நர்ஸ் சாப்பிடப் போயிருந்தாள் என்று பிறகு தெரிந்தது. நான் எடுக்கவில்லை. நான்கு பட்டன்களை இன்னும் கொஞ்ச நேரம் அமுக்கிப் பார்க்கட்டும் என்றிருந்தேன். மறுபடி அடித்தாள். மூன்றாவது முறை எடுத்தேன்.

"அண்ணே, வலதுபக்கம் வரவே மாட்டேங்குது. கொஞ்சம் சீக்கிரம் வாங்கண்ணே, நான் ஒத்தையா நிக்கேன்."

"ஏம்மா, நீங்களே பாத்துக்கிருவீங்கள்ல?"

"தப்புத்தான்ணே. வாங்கண்ணே."

"வாரேன்," என்றேன். இன்னொரு டீ சொன்னேன்.

அது வருவதற்குள் சோலையம்மாள் இறங்கி வந்துவிட்டார். ரோட்டைக் கடந்து என்னிடம் வந்து, "தம்பி, அந்தப் பச்சைக்கோட்டைக் காணமே. அந்தப் புள்ள இங்கிட்டும் அங்கிட்டும் ஓடுது. என்னன்னு வந்து பாருங்கய்யா," என்றார்.

"அது டிரைவர் பிரச்சினைம்மா. பயப்படாதீங்க. வாரேன், நீங்க போங்க."

அவர் என் வார்த்தையை நம்பித் திரும்பிப் போனார். நான் டீயைக் குடித்தேன். சூடாக இருந்ததால் மெதுவாகத்தான் குடிக்க முடிந்தது.

அந்த நேரத்தில் மாடியில் நடந்தது எனக்கு விசாரணையில் தெரிந்ததுதான். சரண்யாதேவி ஒவ்வொரு படுக்கையாகப் போய்ப் பார்த்திருக்கிறாள். ஆறாவது படுக்கையில் அவர் கண்மூடிப் படுத்திருந்தார், மூச்சு ஒழுங்காக இருந்தது. அந்த நேரம் இடதுபக்கத் திரை சத்தம் போட, இரண்டாவது படுக்கைக்கு ஓடியிருக்கிறாள். அவரைக் காப்பாற்றிவிட்டாள், அதையும் சொல்ல வேண்டும். அவள் திரும்பி வருவதற்குள் கருத்தக்கண்ணனின் இதயம் நின்றிருந்தது. நான் படியேறியபோது சோலையம்மாள் கண்ணாடியில் கையை வைத்துக்கொண்டு நின்றார். அப்போதும் இருண்ட திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

உள்ளே எல்லோரும் படுக்கையைச் சுற்றி இருந்தார்கள். நான் மேசையில் உட்கார்ந்து டிரைவரை மாற்றினேன். திரை வந்தது. ஆறாவது கட்டத்தில் கோடு நேராக இருந்தது. இந்த முறை யாரும் கைதட்டவில்லை. அந்தச் சூழ்நிலையில் நான் அதை எதிர்பார்க்கவும் இல்லை.

நிர்வாகம் என்னிடம் அறிக்கை கேட்டது. நர்ஸ் அனுமதியின்றிப் பட்டன்களை அமுக்கியதால் டிரைவர் பாதிக்கப்பட்டிருக்க வாய்ப்புண்டு என்று சொன்னேன். வாய்ப்புண்டு என்றுதான் சொன்னேன். அவளை வேலையிலிருந்து நீக்கினார்கள்.

நீங்கள் கேட்டது, நான் செய்தேனா என்று. செய்தேன். தப்பான டிரைவரை ஏற்றியது நான். போனை எடுக்காதது நான். அந்த அம்மா வந்து கூப்பிட்டும் போகாதது நான். ஆனால் அவர் சாக வேண்டும் என்று நினைக்கவில்லை. என்னைக் கூப்பிட வேண்டும் என்று மட்டும்தான் நினைத்தேன். கூப்பிட்டார்கள்.

சரண்யாதேவி இப்போது எங்கும் வேலைக்குப் போவதில்லை, வீட்டில் யாரோடும் பேசுவதில்லை என்கிறீர்கள். கடைசி நாள் சான்றிதழ்களை வாங்க வந்தவள் என் அறை வாசலில் நின்றாள்.

"அண்ணே, நெசமாச் சொல்லுங்க. அன்னைக்கு நான் அந்தப் பட்டனை அமுக்குனதாலதான் அவரு செத்தாரா?"

"இருக்கலாம்மா," என்றேன். "இனிமே தெரியாததுல கை வைக்காத."

அழுதாள். தண்ணீர் கொடுத்தேன், நாற்காலியில் உட்காரச் சொன்னேன். அவள்மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை, மேடம். அதை அவளிடம் சொல்லிவிடுங்கள். அவளை நான் அன்றைக்கே மன்னித்துவிட்டேன்.